எட்டு பிஎஸ்ஐ போதும், தம்பி

கேள்வி: அண்ணா, வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். என்னிடம் 2016 மஸ்டாங் ஜிடி இருக்கிறது. 5.0 லிட்டர், ஆறு கியர் மேனுவல், 48,000 மைல் ஓடியிருக்கிறது. இன்ஜினில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஐ-10 ரோட்டில் ஆபீஸ் போய்வருவதும் இதில்தான். சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி, போடவேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை; 10,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். ரூட்ஸ், ட்வின்-ஸ்க்ரூ, சென்ட்ரிஃபியூகல் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இன்ஜினைப் பிரிக்காமலே 700 குதிரைத்திறன் எடுக்கலாம் என்கிறார்கள், உண்மையா? நண்பர் ஒருவர் 3,500 டாலருக்குப் பழைய கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா? வண்டி படுத்துவிட்டால் என்னையும் கராஜிலேயே படுக்கச் சொல்லிவிடுவார்கள் வீட்டில்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் 700 என்ற எண்ணை நான் இரண்டாவதாகத்தான் படித்தேன். முதலில் கண்ணில் பட்டது "வாரத்தில் ஐந்து நாள்". இந்தத் தொழிலில் எனக்கு வரும் தொல்லைகளில் பாதி, தினமும் ஓட்டும் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டியின் சாமான்களை வாங்கிப் போட்டவர்களால் வருவது. ஆகவே எந்த சூப்பர்சார்ஜர் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, போனட்டுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

உங்களுடையது ஃபோர்டின் 5.0 லிட்டர் வி8 இன்ஜின், பெயர் கொயோட்டி, அதில் இரண்டாம் தலைமுறை. 435 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் பலம்), கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை பங்கு அமுக்கப்படுகிறது என்பது, 11-க்கு 1. இந்தக் கடைசி எண்தான் விஷயமே. சூப்பர்சார்ஜர் வைத்தே தயாரிக்கப்பட்ட இன்ஜின்களில் இந்த அளவு எவ்வளவு என்று பாருங்கள். 2003-இல் ஃபோர்டு விட்ட கோப்ரா மஸ்டாங்கில், ஆட்கள் செல்லமாக டெர்மினேட்டர் என்பார்களே, அதில் 8.5. டாட்ஜ் ஹெல்கேட்டில் 9.5. அந்தக் கோப்ராவில் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் ஏற்றும் அழுத்தம், வெறும் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு), சக்தி 390 குதிரைத்திறன். அதற்கே வார்ப்பிரும்பு பிளாக் போட்டார்கள், ஃபோர்ஜ் செய்த கனெக்டிங் ராடு போட்டார்கள், பிஸ்டனையும் மாற்றினார்கள். உங்கள் இன்ஜினில் அப்படி எதுவும் கிடையாது. பிஸ்டன் வார்ப்பு அலுமினியம். ராடு, உலோகப் பொடியை அழுத்தி அடித்துச் செய்தது. 2011-இல் வந்த முதல் கொயோட்டியில் இருந்ததைவிட நல்லது, அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படித் தாங்குகிறது? தாங்குகிறது, அதில் சந்தேகமில்லை. வால்வு டைமிங்கை நான்கு கேம்களிலும் கம்ப்யூட்டரே நகர்த்துகிறது. சிலிண்டருக்குள் தப்பாக வெடிக்கும் சத்தத்தைப் பிடிக்கும் நாக் சென்சார் காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்களும் 2003-இல் இருந்ததைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் அந்தப் பழைய கோப்ரா ஒரு தவறைப் பொறுத்துக்கொள்ளும். மட்டமான பெட்ரோலில் ஒரு டேங்க் ஓடிவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். 11 கம்ப்ரெஷனில் பூஸ்ட் ஏற்றிய இன்ஜின் பொறுக்காது. உங்கள் தேர்வு முழுக்க இதைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்: எது அதிக சக்தி தரும் என்பதல்ல, எது குறைந்த சூட்டில் தரும் என்பது.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். ஹூஸ்டன் ஆகஸ்டில் 35 டிகிரிக் காற்றை 8 பிஎஸ்ஐ அமுக்குகிறீர்கள் என்று வையுங்கள். துளியும் வீணடிக்காத அமுக்கியாக இருந்தாலே 75 டிகிரி ஆகிவிடும். 65 சதவீதத் திறன் உள்ளதென்றால் 97 டிகிரி. 75 சதவீதம் என்றால் 89. இன்டர்கூலர் பாதி சூட்டை எடுத்துவிட்டாலும், இன்ஜினுக்குள் போகும் காற்று உங்கள் குளிர்காலக் காபியைவிடச் சூடு. அதை இன்னும் பதினொரு பங்கு அமுக்கிப் பெட்ரோலோடு கலந்தால், பிளக் பொறி போட்ட பிறகு, அந்தத் தீ போய்ச் சேருமுன்பே, தானாகவே ஒரு மூலையில் வெடிக்கும். அதுதான் நாக். பிஸ்டனின் ரிங் உட்காரும் மெல்லிய வரம்பு அதில்தான் உடையும்.

இப்போது மூன்று வகைக்கும் வருவோம்.

ரூட்ஸ் வகைக்கு அந்தப் பெயரைத் தந்தவர்கள் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள். 1860-இல் பேட்டன்ட் எடுத்தார்கள், காருக்கு அல்ல. அப்போது ஏது கார்? உலைக்குக் காற்று ஊதும் எந்திரமாகத்தான் அது பெயரெடுத்தது. ஒருவிதத்தில் பெரிய துருத்தி. பலரும் இதைக் கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டு உருளைக்கு நடுவில் காற்று பிழிபடுவதாக. அப்படி இல்லை. நடுவில் எதுவும் போகாது. ரோட்டரின் இதழ்களுக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் காற்றை அள்ளிக்கொண்டு ஓரமாகவே சுற்றி வந்து அடுத்த பக்கம் கொட்டும். அமுக்கம் நடப்பது கொட்டிய இடத்தில். அதனால்தான் பழைய ரூட்ஸில் சூடு அதிகம்.

அதைத் திருத்தியதுதான் ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ். டிவிஎஸ் என்றதும் ஓசூரும் டிவிஎஸ் 50-யும் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது ட்வின் வோர்டிசிஸ் சீரிஸ். ஒவ்வொரு ரோட்டரிலும் நான்கு இதழ், 160 டிகிரி முறுக்கு. ரவுஷ், எடல்பிராக் போன்றவர்கள் விற்கும் கிட்களின் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆர்2300 என்று எழுதியிருந்தால் ஒரு சுற்றுக்கு 2.3 லிட்டர் காற்று என்று அர்த்தம்.

ட்வின்-ஸ்க்ரூவில் ஆண், பெண் என்று இரண்டு திருகுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திச் சுற்றும். போகப்போக இடைவெளி குறைவதால் காற்று உள்ளேயே அமுங்கி வெளியே வரும். லைஸ்ஹோல்ம் என்ற ஸ்வீடன் பொறியாளரின் வேலை. விப்பிள், கென் பெல் என்றால் இந்த வகை, ஹெல்கேட்டிலும் இதுதான். பூஸ்ட் அதிகமாக ஆக இதன் திறமை தெரியும். 15, 18 பிஎஸ்ஐ போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன். 8 பிஎஸ்ஐ-யில் டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை, விலையில் தெரியும்.

சென்ட்ரிஃபியூகல் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஜாதி. ஊரில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்செட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே நத்தை ஓட்டுக்குள் ஒரு இம்பெல்லர் இருக்கும். அதேதான், தண்ணீருக்குப் பதில் காற்று, சுற்று பல்லாயிரம். வோர்டெக், பாக்ஸ்டன், ப்ரோசார்ஜர் இந்த வகை. இன்ஜினின் முன்பக்கம் ஒரு பிராக்கெட்டில் தொங்கும், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம், சூடும் குறைவு. காற்றிலேயே குளிரும் பெரிய இன்டர்கூலரை முன்னால் வைத்துவிடலாம்.

அதில் ஒரு குணம் மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்ப்செட் போலவே இதிலும் அழுத்தம் சுற்றுவேகத்தின் இருமடிக்கு ஏறும். 7,000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ தரும்படி பெல்ட் சுற்றும் புல்லியைப் போட்டால், 3,500-இல் கிடைப்பது சுமார் 2 பிஎஸ்ஐ. ரூட்ஸோ ட்வின்-ஸ்க்ரூவோ 2,500-இலேயே கிட்டத்தட்ட முழுசையும் கொடுத்துவிடும்.

நீங்கள் ஆறாவது கியரில் 70 மைல் வேகத்தில் போகும்போது டாக்கோமீட்டர் 2,000-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஒரு வாரத்தில் எத்தனை தடவை 6,000-ஐத் தாண்டுகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஐ-10-இல் காலை ஏழரை மணிக்கு அந்த வாய்ப்பு வருவதை நான் பார்த்ததில்லை. பேடவுனில் இருந்த டிராக் ஸ்ட்ரிப்பையும் (நேர்கோட்டுப் பந்தயப் பாதை) 2023-இல் மூடிவிட்டார்கள். ஆகவே சென்ட்ரிஃபியூகல் வாங்கினால், நீங்கள் காசு கொடுத்த சக்தியைத் தொட ஒவ்வொரு முறையும் இன்ஜினைக் கத்தவிட வேண்டும், அதுவும் ரோட்டில். இரண்டாவது கியரில் கத்தி முடிக்கும்போது போலீஸ் பார்த்துவிடும்.

சென்ட்ரிஃபியூகல் வாங்கச் சொல்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. அடியில் டார்க் கொட்டாததால் சென்ட்ரிஃபியூகல் ராடுக்கும் கிளட்சுக்கும் டயருக்கும் மென்மையானது. ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்காது. ஆனால் கொயோட்டியில் ஒரு பலவீனம் உண்டு, அது அந்த மென்மையைத் தின்றுவிடும்: ஆயில் பம்ப் கியர்.

கொயோட்டியின் ஆயில் பம்ப், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் முன்நுனியிலேயே மாட்டியிருக்கிறது. உள்ளிருக்கும் கியர், பொடி உலோகம். கிராங்க்கின் முறுக்கு அதிர்வு நேரே அதில்தான் போய் இடிக்கும். கம்பெனியில் வந்தபடி ஓட்டுகிறவர்கள் ஆயுளுக்கும் அதைப் பார்க்க மாட்டார்கள். பூஸ்ட் போட்டு, மேல் சுற்றில், எல்லையைத் தாண்டவிடாத ரெவ் லிமிட்டரில் போய் டப் டப் டப் என்று மோதவிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. உடைந்த ஒன்றை என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், மூன்று துண்டு. உடைந்த முகம் இரும்பு மாதிரியே இருக்காது. கற்கண்டை உடைத்த மாதிரி பொடிப்பொடியாக மின்னும். பார்க்க வருகிறவர்களின் உள்ளங்கையில் அதை வைப்பேன், ஒன்றும் பேசமாட்டேன். அது உடைந்த பிறகு ஆயில் பிரஷர் பூஜ்யம், அதற்கப்புறம் இன்ஜினுக்குச் சில விநாடிதான் ஆயுள்.

சென்ட்ரிஃபியூகல் உங்களை மேல்சுற்றிலேயே வாழவைக்கும். டிவிஎஸ் போட்டால் 5,500-இல் கியர் மாற்றினாலும் ஆசை தீர்ந்துவிடும். போதுமே. என் சிபாரிசு டிவிஎஸ் ரோட்டர் உள்ள முழுக் கிட், தண்ணீர் இன்டர்கூலரோடு, அந்தக் கம்பெனி தருவதிலேயே மிதமான புல்லியோடு.

எவ்வளவு சக்தி வரும்? கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ. அதோடு 8 சேர்த்தால் 1.54 மடங்கு. 435-ஐ 1.54-ஆல் பெருக்கினால் 670. ஆனால் சூப்பர்சார்ஜரைச் சுற்றவும் பெல்ட் வழியாக உங்கள் இன்ஜின்தானே கூலி கொடுக்க வேண்டும்? அந்தக் கூலி 40 குதிரைத்திறனுக்குக் குறையாது. சூட்டில் கொஞ்சம் போகும், நாக் வராமல் டைமிங்கைப் பின்னால் இழுப்பதில் கொஞ்சம் போகும். 600-க்கும் 650-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். தினசரி வண்டிக்கு, கம்பெனி பிஸ்டனும் ராடும் இருக்கும்வரை, நான் அதற்கு மேல் போகமாட்டேன். 700 எடுத்துக்காட்ட முடியுமா என்றால் முடியும். புல்லியை ஒரு அளவு சின்னதாக்கினால் வந்துவிடும். ஒரு குளிர்ந்த காலையில் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் ஹூஸ்டனைச் சுற்றும் பெல்ட்வே 8-இல் அரைமணி நேரம் ஊர்ந்துவிட்டு அதே மிதியை மிதிக்கும் நாள் படத்தில் வராது.

அந்த நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். சூப்பர்சார்ஜர் விளம்பரத்தில் யாரும் சொல்லாத எண் ஒன்று உண்டு: இன்டேக் காற்றின் சூடு. ட்யூன் செய்யும்போது, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்குகளைத் திருத்தும்போது, நான் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதைவிட அந்த எண்ணைப் பார்ப்பதே அதிகம். போன கோடையில் ஒரு வண்டி. ரோட்டில் போகும்போது 50 டிகிரி, நல்லது. சிக்னலில் நின்றோம்: 58, 63, 69. பச்சை விழுந்து கிளம்பினால் இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஒரு மணி நேரம் ட்யூனைத் திட்டினேன், சென்சாரைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன். கடைசியில் போனட்டைத் திறந்து இன்டர்கூலர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திருகினால், உள்ளே தண்ணீர் அசையாமல் கோயில் குளம் மாதிரி இருக்கிறது. பம்ப் ஓடுகிறது, சத்தம் வருகிறது. ஆனால் குழாயில் காற்றுக் குமிழ் அடைத்து நின்றிருக்கிறது. காற்றை எடுக்க மறந்தது யார்? நான்தான். கார்க்காரருக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

உங்கள் வண்டியில் கிட்டை யார் மாட்டினாலும் சரி, வண்டியைத் திரும்ப வாங்கும் அன்று அந்த மூடியைத் திறந்து தண்ணீர் சுழல்கிறதா என்று நீங்களே பாருங்கள். முன்னால் நிற்கும் சின்ன ரேடியேட்டரில் கிட் தருவதைவிட ஒரு அளவு பெரியது கிடைத்தால், அதிகப் பூஸ்டுக்குப் போடும் காசை அதில் போடலாம்.

பெட்ரோல். இதுவரை 87 ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் அளவு) போட்டும் ஓடியிருக்கலாம், உங்கள் இன்ஜின் அதை ஏற்கும். இனிமேல் 93 மட்டும். இங்கே பம்பில் எழுதியிருக்கும் எண் இரண்டு வகை ஆக்டேனின் சராசரி. ஊரில் பங்கில் போட்டிருக்கும் 91-ஓடு ஒப்பிடாதீர்கள், அது ஒரே ஒரு வகையின் எண். கலிபோர்னியா பக்கம் நெடும்பயணம் போனால் அங்கே பெரும்பாலும் 91-தான் கிடைக்கும். அப்போது 91-க்கான ட்யூனை ஏற்றிக்கொண்டு போங்கள், அல்லது காலைப் பஞ்சு மாதிரி வையுங்கள். ஈ85, அதாவது எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள் பற்றிக் கேட்பீர்கள். நாக்குக்கு அருமையான மருந்து, ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக எரிபொருள் ஊற்ற வேண்டும். உங்கள் வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்புக்கு அந்தத் தெம்பு இல்லை. அது தனிக்கதை, தனிச்செலவு.

செலவு என்றதும் உங்கள் 10,000-க்கு வருகிறேன். நல்ல புதுக் கிட் 8,000-ஐத் தொட்டுவிடும். மாட்டும் கூலி, பதினைந்து இருபது மணி நேரம். அதிலேயே உங்கள் பணம் தீர்ந்துவிடும், இன்னும் வேலை தீராது. கம்பெனி கிளட்ச் கொஞ்ச நாள் பிடிக்கும், அப்புறம் நான்காவது கியரில் முழுமிதி மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது. ஆயில் பம்ப் கியரை பில்லெட் ஸ்டீலில் (ஒரே எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தது) மாற்ற இன்ஜினின் முன்கவரைத் திறக்க வேண்டும். சாமான் விலை கொஞ்சம், கூலிதான் அதிகம். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.035 அங்குலம் அளவில். கம்பெனி இடைவெளியில் விட்டால் பூஸ்டின்போது பொறி அணைந்து வண்டி விக்கும். டயர்: கம்பெனியின் பெர்ஃபார்மன்ஸ் பேக் இல்லாத ஜிடி என்றால் பின்னால் பெரும்பாலும் 235 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதில் 600 குதிரைத்திறனை இறக்குவது தேங்காய் நாரில் யானையைக் கட்டுகிற கதை. 275-ஆவது வேண்டும்.

ஆகமொத்தம் 13,000, 14,000 இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கையில் 10,000 மட்டும்தான் என்றால், இன்னும் ஒரு வருடம் சேருங்கள். இடையில் கிளட்ச், டயர், ஆயில் பம்ப் கியர் இவற்றை முடித்து வையுங்கள். கியர் மாற்ற முன்கவரைத் திறக்கிறபோதே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுங்கள், அதுவும் அதே பொடி உலோகம்தான். இதெல்லாம் செய்த வண்டி சூப்பர்சார்ஜர் இல்லாமலும் நன்றாக ஓடும். சூப்பர்சார்ஜர் மட்டும் போட்டுவிட்டு இதெல்லாம் இல்லாத வண்டி ஓடாது.

இப்போது அந்த 3,500 டாலர் கிட். உங்கள் நண்பருக்கு என் வணக்கம். அந்தப் பணத்துக்கு அது மலிவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் கேள்வி, எந்த ஆண்டுக்கான கிட்? 2011–14-க்கும் 2015–17-க்கும் சிலிண்டர் ஹெட் ஒன்றல்ல. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், அப்படியே உட்காரும் என்று நம்பி வாங்காதீர்கள். பிறகு ரோட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசல் சத்தம் வரக்கூடாது. ரோட்டரின் மேல்பூச்சில் கீறல் இருக்கக்கூடாது. ரோட்டர் கியருக்கென்று உள்ளே தனி ஆயில் இருக்கும், அது கருப்பாக நாறினால் திரும்பி வந்துவிடுங்கள். கூட வரும் ட்யூனிங் கருவி பழைய காரோடு பூட்டப்பட்டிருக்கும், உங்களுக்கு உதவாது. இன்ஜெக்டர், பெட்ரோல் பம்புக்கான பூஸ்டர், ஏதாவது ஒரு பிராக்கெட், இவற்றில் ஒன்று நிச்சயம் பெட்டியில் இருக்காது. அதைத் தேடி வாங்குவதற்குள் 5,500 ஆகிவிடும்.

இதைவிட மோசமானது, பழைய கிட்டோடு பழைய ட்யூனையும் சேர்த்துப் போடுவது. மூன்று வருடம் முன்பு ஒரு பையன் நீல நிற மஸ்டாங்கை டிரக்கில் ஏற்றிக் கொண்டுவந்தான். வேறொரு இடத்தில் மாட்டியது. யாரோ ஒருவர் வண்டிக்கு எழுதிய ட்யூனை அப்படியே ஏற்றிவிட்டிருந்தார்கள். "அண்ணா, கொஞ்சம் குலுங்குது, அவ்வளவுதான்" என்றான். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி வரிசையாகத் துணியில் அடுக்கினேன். ஏழு பிளக் பரவாயில்லை. ஒன்றின் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளி, நடுநடுவே வெள்ளி மினுமினுப்பு. அந்த மினுமினுப்பு அலுமினியம். அலுமினியம் அந்த அறைக்குள் வேறெங்கிருந்து வரும், பிஸ்டனைத் தவிர? அந்த சிலிண்டருக்குள் கம்ப்ரெஸர் காற்றை விட்டு லீக்-டவுன் மீட்டரைப் பார்த்தேன், பாதிக்கு மேல் கசிவு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தால் உஸ்ஸென்று காற்று வருகிறது. பையனையும் காதை வைக்கச் சொன்னேன். அவனும் கேட்டான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் 2025 முதல் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை போய்விட்டது. புகைச் சோதனை போகவில்லை. கேட்டி மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கும் ஊர். நீங்கள் ஹாரிஸ் பக்கமோ ஃபோர்ட் பெண்ட் பக்கமோ இருந்தால் சோதனை உண்டு. கலிபோர்னியாவின் காற்றுத் துறை அனுமதி எண் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், அதன் ஸ்டிக்கரைப் போனட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். நாளைக்கு அந்த மாநிலத்துக்கு மாற்றல் வந்தாலும் வண்டியை விற்க வேண்டியிருக்காது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் இன்னும் முப்பது எச்பி வரும் என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று அவர்கள் போனட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

மைலேஜ் பற்றி வீட்டில் கேட்பார்கள். நிதானமாகப் போகும்போது பைபாஸ் வால்வு திறந்து, சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஹைவேயில் பெரிய வித்தியாசம் தெரியாது. மிதித்தால் தெரியும், மிதிக்காமல் இருக்கமாட்டீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எதையும் வாங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் நல்ல பட்டறை ஒன்றில், இன்ஜின் சூடாக இருக்கும்போது, எட்டு சிலிண்டருக்கும் லீக்-டவுன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் 10 சதவீதத்துக்குள், ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் வண்டி தயார். ஒன்று மட்டும் தனியே 20-இல் நின்றால், எந்த சூப்பர்சார்ஜரும் அதைச் சரிசெய்யாது. கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் வைத்துப் படமெடுங்கள். எட்டு எண்களையும் அந்தப் படத்தையும் அனுப்பினால், எந்தப் புல்லி என்று சொல்கிறேன்.